அளவு ஜாக்கெட்

மூன்றாவது ஊக்கு ஆடிக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் இசக்கியம்மாள் ஊசியை எடுத்தாள், வேறு எதையும் தேடி அல்ல. நாத்தனார் மகளுக்குத் திசையன்விளையில் காதுகுத்து, பதினொன்றரைக்கு முகூர்த்தம், பத்தரைக்கு வேன் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டாயிற்று, இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, இனி அவள் உடுத்துவதுதான் பாக்கி. கட்டில்மேல் கல்யாணப் பட்டு விரிந்து கிடந்தது. மடியில் அதன் ஜாக்கெட், அரக்கு நிறம், கையில் ஒரு விரல்கடை ஜரிகை. ஊக்குத் தைக்க வேண்டுமென்றால் உள்பக்கம் திருப்பத்தானே வேண்டும், திருப்பினாள். நாலு சுற்று சுற்றி இறுக்கி மிச்ச நூலைப் பல்லால் அறுக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டது, கக்கத்திலிருந்து இடுப்புவரை இறங்கும் தையலில் ஒரு நீலம். இதென்ன நீலம் என்று சாதாரணமாகத்தான் நினைத்தாள். கல்யாணத்துக்கு இதைத் தைத்த டெய்லர் பக்கத்தில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தாராளமா உள்ளே விட்டுத் தைங்க, நாளைக்குப் பிள்ளை பெத்தா பிரிச்சுவிட வேணும்லா என்று சொல்லிச் சொல்லித் தைக்கவைத்தது, எல்லாம் அரக்கு நூல். எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நீலத் தையலுக்கு ஒரு விரல் தள்ளி வரிசையாக ஊசித் துளைகள், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. அந்தத் துளைகளுக்கும் நீலத்துக்கும் நடுவில் துணி மட்டும் வெளுக்காமல், கடையில் எடுத்த அன்றைய அரக்காகவே இருந்தது. எட்டு வருஷமாக மடிப்புக்குள் கிடந்த துணி. மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும் அப்படியே, பழைய தையலைப் பிரித்துத் தள்ளித் தைத்து அகலமாக்கியிருந்தது. ஊசி கையில் இருப்பதை மறந்து விரலை மடக்கினாள், குத்தியது, குத்தட்டும். வெளியே செந்தூர்பாண்டி வேன் கழுவும் சத்தம், தகரத்தில் தண்ணீர் அறையும் சத்தம், சின்னவன் கவின் அப்பா எம்மேல ஊத்துங்க எம்மேல ஊத்துங்க என்று கெஞ்சும் சத்தம். பவுடர் போட்ட பிள்ளை. இன்னொரு நாளாக இருந்தால் இந்நேரம் வாசலுக்குப் போய் அப்பனையும் மகனையும் சேர்த்துக் கிழித்திருப்பாள்.

அந்த நீலம் அவளுக்குத் தெரிந்த நீலம். மூத்தவள் தர்ஷினியின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம். தைத்தது ஜெபமணி அக்கா, மூணு வீடு தள்ளி, ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற வருகிறவர்களிடம் பேசியபடியே தைக்கிறவள். மேல்நூலைத் துணிக்குத் தக்க மாற்றுவாள், அடிநூல் பாபினை மாற்ற மட்டும் சோம்பல். எந்த நிறம் கிடக்கிறதோ அது ஓடட்டும் என்று விட்டுவிடுவாள். கவினுக்குப் பச்சைக் கால்சட்டை தைத்தபோது அடியில் மஞ்சள் ஓடியிருந்ததைப் பார்த்து, வெளிய பச்சை உள்ள மஞ்சள், என்னக்கா மாங்காயா தைச்சிருக்கிய என்று இசக்கி கேட்டதும், அக்கா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, உள்ள யாருளா பாக்கப் போறா என்றதும், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்ததும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற பத்து நாள்தான் அக்கா மிஷினில் நீலம் ஓடும். அப்படியானால் ஜூன் முதல் வாரம். அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை. வேண்டாம் என்று மனசு பின்னால் இழுத்தது, ஆனால் விரல்விட்டு எண்ணவே வேண்டியிருக்கவில்லை, அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் அஞ்சு ஊக்கும் மாட்டியது. தடதடவென்று கீழிருந்து மேலே, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. பாவாடையோடும் ஜாக்கெட்டோடும் அடுப்படியில் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தர்ஷினி அம்மாவுக்கு என்ன பிடிச்சிருச்சு என்று பயந்தாளே, அன்றைக்கு. அப்போது செந்தூர்பாண்டி எங்கே நின்றான்? நிலைப்படியில். சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நாலு மாதமாக அவள் பொன்னாகப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்க்கிறாள், உரசிப் பார்க்கிறாள்.

ஜாக்கெட்டை நம்பாமல் தராசை நம்பியிருக்கலாம்தான். ஆனால் தராசு ஏறினவளுக்குத் தெரியும். சித்திரைத் தொடக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவினுக்கு ஊசி போடப் போன இடத்தில், நீயும் ஏறு என்று நர்சம்மா சொல்ல, ஏறினாள். எழுபத்தி நாலு என்று அந்த அம்மா அடுத்த அறையில் எழுதுகிறவளுக்குக் கேட்கக் கத்தினாள், வராந்தா முழுக்கக் கேட்டது, யாரோ எழுபத்தி நாலா என்று திருப்பிச் சொன்னார்கள். விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை ஓரத்துல நிக்கி, இன்னும் உள்ள வரல, ஆறு கிலோ குறைச்சிட்டு மூணு மாசத்துல வெறும் வயித்தோட வா, இல்லன்னா மாத்திரைதான் என்றாள். மாத்திரை என்றதும் இசக்கிக்கு அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. இரண்டு விரல் எடுத்த கால். அந்தக் காலுக்குச் செருப்பு எடுக்கக் கடையில் போய் நின்றபோது, கடைக்காரன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டானே. இருபத்தெட்டு வயசு அவளுக்கு. சின்னவனுக்கு மூணு. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து இந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள், ஊக்குக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனது. சரி, நீயே எனக்குத் தராசு என்று அதனிடம் சொன்னாள். டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுத்தால் அவர் உடம்பைப் பார்க்காமலே தைக்கிறாரே, அந்த ஜாக்கெட் பொய்யா சொல்கிறது? யாரும் நம்பரைக் கத்த மாட்டார்கள், வெள்ளிக்கு வெள்ளி கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தால் போதும். பட்டினி கிடக்கத் தெரியாது அவளுக்கு, கிடந்தால் பிள்ளைகளை அடிப்பாள். அதனால் தன் வசத்துக்கு எது வருமோ அதை மட்டும் பிடித்தாள். முதல் வேலை, பிள்ளைகள் தட்டு. தர்ஷினி மிச்சம் வைத்த அரை தோசை, கவின் பிசைந்து துப்பிய பருப்புச் சாதம், வீணாப் போகுதே என்று நின்றவாக்கில் வாயில் போடுவதே ஒரு ஆள் சாப்பாடு, அதை அவள் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அந்தத் தட்டுகளை இனி செவலைக் கோழிக்கு என்று வைத்தாள். கோழி ஆனி மாதத்துக்குள் நடக்க முடியாமல் பருத்தது. நான் குறைச்சது எங்கயும் போகல, கொல்லைல நடமாடுது என்று சொல்லிச் சிரிப்பாள். காப்பியில் கருப்பட்டியைப் பாதியாக்கினாள், பிறகு ஒரு கடி. சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் காய். ராத்திரி பத்து மணிக்கு அவன் வந்து உட்காரும்போது கூட உட்கார்ந்து மறுபடி சாப்பிடுவதை விட்டுவிட்டு ஏழு மணிக்கே பிள்ளைகளோடு முடித்துக்கொண்டாள். காலையில் அஞ்சரைக்கு ஜெபமணி அக்காவோடு குளத்துக்கரை, காற்றாலை மூணு நிற்கிற மேடுவரைக்கும் போய்த் திரும்புவது. இவ்வளவுதான். மந்திரமும் இல்லை மாயமும் இல்லை.

ஒன்றரை மாசம் இப்படி இருந்தும் ஜூன் தொடக்கத்து வியாழக்கிழமை பொறுக்காமல் ஒரு நாள் முந்தியே போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு ஊக்குதான் மாட்டியது. ஒன்றே ஒன்று. அழுதாள். கட்டிலில் குப்புற விழுந்து, அம்மா செத்த வீட்டில் அழுகிற மாதிரி, ராத்திரிக்கு அடுப்புப் பற்றவைக்காமல் அழுதாள். ஜாக்கெட்டைச் சுருட்டிச் சுவரில் எறிந்தாள், அது கதவுக்குப் பின்னால் போய் விழுந்தது. செந்தூர்பாண்டி பிள்ளைகளுக்குப் புரோட்டா வாங்கி வந்து கொடுத்தான். விடிந்ததும், தர்ஷினி யூனிஃபார்ம் துணியை நான் அக்காட்ட குடுத்துட்டு வாரேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனான், வழக்கமாக அவன் அந்த வேலைக்கெல்லாம் போகிறவனா? அன்று அது அவளுக்கு ஒரு கரிசனமாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் கிடந்த ஜாக்கெட் சாயங்காலம் மடித்துப் பீரோவில் இருந்தது, அதுவும் கரிசனமாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதானே கணக்கு, இன்னும் ஒரு தடவ போட்டுப் பாரேன், நேத்து வயிறு உப்பி இருந்திருக்கும் என்று அவன்தான் சொன்னான். வயிறு உப்பி. எவ்வளவு பக்குவமாகச் சொன்னான். எதற்குச் செய்தான்? அழுதது பொறுக்காமலா? இல்லை, இது சீக்கிரம் முடிந்து தொலைந்தால் ராத்திரி பத்து மணிக்குச் சூடாகத் தோசை ஊற்றிக்கொண்டு அவள் எதிரே உட்காருவாள் என்றா? ஆறிப்போச்சு ஆறிப்போச்சு என்று அந்த ஒன்றரை மாசமும் அவன் முனகியது காதில் விழாமலில்லை. அழுகை, தோசை, அழுகை, தோசை. செக்கு மாடு மாதிரி மனசு இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டுமாக இருந்தால்? இரண்டுமாகத்தான் இருக்கும், அதுதான் தாங்கவில்லை, ஒன்றாக இருந்தால் மன்னிக்கவோ திட்டவோ செய்யலாம். சரி, அவனாவது ஆம்பிளை, ஊக்கு வளையம் எதுவும் தெரியாது, கண்ணீரைக் கண்டால் பதறுகிறவன். அக்கா?

அக்காவுக்குத் தெரியுமே. அளவு என்றால் என்ன என்று தெரிந்த கையல்லவா அது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் குளத்துக்கரையில் மேற்குக் காற்று முகத்தில் அடிக்க, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கையில், நேத்து ஊக்கு எல்லாம் மாட்டிச்சாளா என்று கேட்பாள். ஒரு வாரம்கூட விடாமல் கேட்பாள். மாட்டிச்சுக்கா, அஞ்சும் என்பாள் இசக்கி. பாத்தியா, நான் சொன்னேம்லா என்பாள். நான் சொன்னேம்லா! காற்றாலை இறக்கை தலைக்கு மேலே உஷ் உஷ்ஷென்று சுற்றிக்கொண்டிருக்க, அதன் நிழல் வரப்பில் வெட்டி வெட்டிப் போக, இரண்டு பேரும் பேசாத பேச்சா? அக்கா தன் புருஷன் குடித்து விழுந்த கதையை, கர்ப்பப்பையை எடுத்த கதையை, சபையில் யார் யாரிடம் பேசுவதில்லை என்பதை, எல்லாவற்றையும் இவளிடம் கொட்டினாள். இவளும் அம்மாவின் விரலை அக்காவிடம்தான் சொன்னாள், வேறு யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட அந்தச் செருப்புக் கடையைச் சொன்னதில்லை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கூடவே நடந்த கால், வீட்டுக்குப் போய் மிஷினை மிதித்த கால்தானே. அந்த விரலைத் தெரிந்துகொண்டே எப்படித் தைத்தாள்? பாபினையாவது மாற்றியிருக்கலாம். ஒரு பாபின். அந்த அளவுக்குக்கூட மெனக்கெட வேண்டாத ஆளாக நினைத்துவிட்டாளே, அதுதான் இசக்கிக்குச் சுட்டது. ஏமாற்றியதைவிட, அக்கறை இல்லாமல் ஏமாற்றியது.

அதற்குப் பிறகு நடந்தது இருக்கிறதே, அதை அவள் யார் தலையில் கட்டுவாள்? அஞ்சும் மாட்டின தைரியத்தில் ஆடி மாதம் கொழுக்கட்டைக்கு மூணு என்று வைத்திருந்த எண்ணிக்கை ஏழாயிற்று, வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தால் அப்போதும் அஞ்சும் மாட்டியது. பரவாயில்லை போல என்று கருப்பட்டி ஒரு கடியிலிருந்து ஒரு துண்டானது. பிள்ளைகள் தட்டில் மிஞ்சிய உருளைக்கிழங்கு மட்டும் கோழிக்குப் போகாமல் நின்றது. மூணு மாசத்தில் வா என்ற நர்சம்மாவிடம் போகவே இல்லை, ஜாக்கெட்டே சொல்லுது, ஊசி எதுக்கு என்று. நாத்தனாரிடம் போனில் பெருமை வேறு. கல்யாண ஆல்பத்துல நிக்கிறது யாரு மதினி, ஒங்க தங்கச்சியா என்று போன வருஷம் நாலு பேர் முன்னால் கேட்டவள் அவள். வாரேன் பாரு, கல்யாண ஜாக்கெட்டப் போட்டுட்டே வாரேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும்விட ஒன்று கரித்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் இதைத் தொடாமல் விட்டிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? மறுபடியும் எழுந்து அதே பத்தியத்தோடு நடந்திருப்பாளா, போடா என்று விட்டிருப்பாளா? நடந்திருந்தால் இன்றைக்கு உள்ளபடியே அஞ்சும் மாட்டியிருக்குமா? தெரியாது. இனி எந்தக் காலத்திலும் தெரியாது. தான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது, அதை இரண்டு பேர் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

செந்தூர்பாண்டி ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி சீப்பு எங்க என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். ஜன்னலடியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்த அவள் திரும்பவில்லை. தர்ஷினி யூனிஃபார்ம் துணியைக் கொண்டுபோன பையில் வேறு என்ன கொண்டுபோனிய என்று கேட்டாள். எந்தப் பை என்றான். பிறகு அவள் மடியைப் பார்த்தான், உள்பக்கம் திரும்பிக் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தான். சீப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டான். அவன் பொய் சொல்லுவான் என்று ஒரு கணம் அவள் எதிர்பார்த்தாள், சொன்னால் நல்லது, கத்தலாம்.

"நீ அழுதல்லா" என்றான்.

"அழட்டும்னு விட்டிருக்கணும்."

அவன் வேன் சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தான். அப்புறம், வேற ஜாக்கெட் போட்டுட்டு வாயேன், நேரமாகுது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சீப்பை எடுக்காமலே போனான். முகம் பாவமாகத்தான் இருந்தது, அந்த முகத்தைத்தான் எட்டு வருஷமாகப் பார்க்கிறாள், அதில் கள்ளம் இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வேற ஜாக்கெட். பீரோவில் நாலு இருக்கிறது, எல்லாம் தாராளமானவை. அவள் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த பின்னூசியை அவிழ்த்து அதன் முனையை நீலத் தையலுக்குள் விட்டாள். முதல் கண்ணி அறுவதுதான் கஷ்டம், அப்புறம் கையோடு வந்தது, சர் சர்ரென்று, பயறு உரிக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் பிரித்தாள். வந்த நூலையெல்லாம் இடதுகை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனாள், எதற்கென்று தெரியாமல். ஊசியில் அரக்கு நூலை இரட்டையாகக் கோத்துப் பழைய துளைகள் மேலேயே கைத்தையல் போட ஆரம்பித்தாள். ஊசி தானாக வழி கண்டுபிடித்துப் போனது, எட்டு வருஷத்துக்கு முந்தி போன வழி. ஏ இசக்கி என்று வெளியிலிருந்து இரண்டு தடவை குரல் வந்தது, பிறகு வரவில்லை. கவின் வந்து அம்மா தைக்கியா என்று கேட்டுவிட்டு மடியில் தலையை வைத்தான், தலை ஈரம். தைக்கேன் என்றாள். பயமாக இருந்தது. ஒன்றுகூட மாட்டாவிட்டால்? மறுபடி இரண்டு விரல் போனால்? விரல் என்றதும் அம்மாவின் கால் வந்தது, கவினின் ஈரத்தலையை ஒரு கையால் துடைத்தாள், காலை மனசிலிருந்து துடைக்க முடியவில்லை. கடைசி முடிச்சை மூணு தடவை போட்டாள். மகனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். போட்டாள். கீழ் ஊக்கு மாட்டியது. இரண்டாவது மாட்டியது. இப்போதுதான் தைத்த மூன்றாவது, கொஞ்சம் இழுத்து, மாட்டியது. நாலாவதற்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு நெல் போகும். மூச்சை உள்ளே இழுத்தால் அதுவும் மாட்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே இரண்டையும் திறந்தபடி விட்டாள், முந்தானையை அகலமாக மடித்துத் தோளில் குத்தினாள்.

வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஜெபமணி அக்கா காலை ஆராதனைக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடு முன்னமே ஏறி ஜன்னலோரம் இருந்தாள், காதுகுத்துகிற பிள்ளைக்குத் தைத்த பாவாடை மடியில் பொட்டலமாக இருந்தது. செந்தூர்பாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், அக்காவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அவன் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது. இசக்கியைத் தலையோடு கால் பார்த்துச் சிரித்தாள் அக்கா, நான் சொன்னேம்லா என்கிற அதே சிரிப்பு.

"ஊக்கு எல்லாம் மாட்டிச்சாளா?"

"மூணு" என்றாள் இசக்கி. ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாள். பிடித்த கையின் விரலில் நீலம் சுற்றியிருந்தது. அக்காவின் கண் அதில் போய் நின்றது, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஏளா..." என்றாள் அக்கா. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள். காற்று அவள் வெள்ளை முந்தானையை எடுத்து முகத்தில் போட்டது, அவள் அதை விலக்கவில்லை.

இசக்கி பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, பின்னால் கடைசி இருக்கைக்குப் போனாள். நாளைக் காலையில் நடக்க வரவில்லை, வெறும் வயிற்றோடு ரத்தம் பார்க்கப் போகிறேன், தராசிலும் ஏறுவேன் என்று அங்கிருந்தே சொன்னாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. கூட வரட்டா என்று முன்னாலிருந்து கேட்டது யார் குரல் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

வேன் நகர்ந்தது. குளத்துக்கரை வந்தது, காற்றாலைகள் வந்தன. மூணு ஊக்குக்குள்ளே அவள் மூச்சு முழுதாக ஏறி முழுதாக இறங்கியது. எழுபத்தி நாலோ அறுபத்தி ஒன்பதோ, நாளைக்கு அந்த நர்சம்மா கத்தட்டும். வராந்தா முழுக்கக் கேட்கட்டும்.